முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட எப்படி பேச்ச ஆரம்பிக்கிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல முக்காவாசி வெளிநாட்டுல இருக்குறவங்க எழுதினது, அதுலயும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே கவலை. புது ஆளுங்ககிட்ட எப்படி பேசுறது, பேசினா என்ன நினைப்பாங்க, பேசாம இருந்தா என்ன நினைப்பாங்க. நான் வெளிநாட்டுக்கு வந்து 19 வருஷம் ஆச்சு, மூணு நாடு மாறியாச்சு, ஒவ்வொரு தடவையும் முதல் ஆறு மாசம் இதே கவலையோடதான் தூங்கினேன். அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இந்த தடவ முழுக்க இதுக்கே வச்சிருக்கேன்.

கேள்வி: அக்கா, நான் வேலைக்குன்னு இங்க வந்து எட்டு மாசம் ஆகுது. ஆபீஸ் லிஃப்ட்ல ஒருத்தர் தினமும் "எப்படி இருக்கீங்க"ன்னு கேப்பார். ஒரு நாள் எனக்கு நிஜமாவே முடியல, அதனால காய்ச்சல், தூக்கமில்ல, வீட்டு ஓனரோட தகராறுன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவர் முகமே மாறிடுச்சு, அவரோட மாடி வந்ததும் வேகமா இறங்கி போயிட்டார். அதுல இருந்து அவர தூரத்துல பாத்தாலே நான் படிக்கட்டுல ஏறிடுறேன், என் ஆபீஸ் ஏழாவது மாடி. என்ன பத்தி ஒரு மாதிரி நினைச்சிருப்பார்ல?

பதில்: தம்பி, நாளைக்கே லிஃப்ட்ல போங்க. அந்த "எப்படி இருக்கீங்க" இருக்கே, அது கேள்வி மாதிரி இருக்குற ஒரு வணக்கம், அவ்ளோதான். மாலினோவ்ஸ்கின்னு ஒரு மானிடவியல் ஆள், முதல் உலகப்போர் நடந்த சமயத்துல பப்புவா நியூ கினி பக்கம் இருக்குற டிரோபிரியண்ட் தீவுல அந்த மக்களோட தங்கி இருந்தவர், 1923-ல இந்த மாதிரி பேச்ச பத்தி எழுதியிருக்கார். உடம்பு எப்படின்னு விசாரிக்கிறது, இன்னிக்கு வெயில்னு சொல்றது, கண்ணு முன்னாடி தெரியுற விஷயத்தையே திருப்பி சொல்றது, இதுல எல்லாம் தகவல் எதுவும் போய் வர்றதில்ல, ரெண்டு பேர் பக்கத்துல நிக்கிறப்ப அந்த மௌனம் பயமா மாறாம இருக்க உதவுற பேச்சு இதுன்னு சொன்னார். உலகத்துல எங்க போனாலும் இது இருக்கு, ஆனா எந்த வார்த்தைய வணக்கமா எடுத்துக்கணும் எத நிஜ கேள்வியா எடுத்துக்கணும்ங்கிறது மட்டும் இடத்துக்கு இடம் மாறும், அது புதுசா வந்தவங்களுக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல. நீங்க பண்ணது தப்பே இல்ல.

அவர் முகம் மாறினதுக்கு நான் ஒரு காரணம் நினைக்கிறேன். ஏழு மாடி ஏறுற நேரத்துல ஒரு மனுஷன் தன்னோட கஷ்டத்த சொல்றான், என்ன பதில் சொல்றதுன்னு அவருக்கு தெரியல, மாடி வேற வந்துடுச்சு. ஒரு வார்த்தை ஆறுதலா சொல்லாம இறங்கிட்டோமேன்னு அவர் சங்கடப்பட்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அடுத்த தடவ பாக்குறப்ப நீங்களே "அன்னிக்கு உடம்பு ரொம்ப முடியல, இப்ப பரவால்ல"ன்னு சொல்லிடுங்க. ரெண்டு பேருக்கும் அதோட பாரம் இறங்கிடும். அதுக்கப்புறம் பதில் எவ்ளோ நீளம்னு ஒரு கணக்கு வச்சுக்கோங்க, லிஃப்ட்ல நிக்கிற நேரம் எவ்ளோவோ அவ்ளோ. பொய்யா "சூப்பரா இருக்கேன்"னு சொல்லணும்னு அவசியமில்ல, "தூக்கம் பத்தல, ஆனா ஓடுது"ன்னு ஒரு சின்ன நிஜத்த சொல்லலாம். அந்த மாதிரி சின்ன நிஜத்த கேட்டுட்டு மறுநாள் "தூங்கினீங்களா"ன்னு கேக்குறவங்க யாருன்னு கவனிங்க. அவங்க கூட பேச்ச நீட்டலாம்.

கேள்வி: அக்கா, கல்யாணம் ஆகி வீட்டுக்காரரோட விசாவுல வந்தேன், எனக்கு வேலை பாக்க அனுமதி இல்ல. பையனுக்கு ரெண்டரை வயசு. சாயங்காலம் பக்கத்து பார்க்குக்கு கூட்டிட்டு போவேன், அங்க அஞ்சாறு அம்மாக்கள் தினமும் வருவாங்க, வட்டமா நின்னு பேசிட்டு இருப்பாங்க, நான் தனியா பெஞ்சுல உக்காந்திருப்பேன். அவங்க மொழி எனக்கு புரியும், ஆனா நான் மனசுக்குள்ள ஒரு வாக்கியத்த கட்டி முடிக்கிறதுக்குள்ள அவங்க அடுத்த விஷயத்துக்கு போயிடுறாங்க. ஒரு நாள் தைரியமா போய் ஏதோ சொன்னேன், எல்லாரும் ஒரு செகண்ட் அமைதியாயிட்டாங்க, அப்புறம் சிரிச்சிட்டு அவங்க பேச்ச தொடர்ந்தாங்க. வீட்டுக்கு வந்து அழுதுட்டேன். இப்ப அவங்க இல்லாத நேரமா பாத்து பார்க்குக்கு போறேன். முதல் தடவையே சொதப்பிட்டேன், இனிமே என்ன பண்ணாலும் அது மாறாதுன்னு தோணுது.

பதில்: உங்க கடிதத்துல "அவங்க இல்லாத நேரமா பாத்து போறேன்"ங்கிற வரிகிட்ட நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன்மா. மத்த எல்லாத்தையும் அப்புறம் பேசலாம், முதல்ல பழைய நேரத்துக்கே போக ஆரம்பிங்க. பேச வேண்டாம். போய் உக்காந்தா போதும். ஏன்னு சொல்றேன்.

1992-ல மோர்லேண்ட், பீச்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு காலேஜ் வகுப்புக்கு நாலு பெண்கள அனுப்பினாங்க. ஒருத்தி ஒரு நாள் கூட போகல, ஒருத்தி 5 நாள், ஒருத்தி 10 நாள், ஒருத்தி 15 நாள். யார்கிட்டயும் பேசக் கூடாது, வந்து உக்காந்துட்டு போயிடணும். கடைசியில அந்த வகுப்பு பசங்ககிட்ட நாலு பேர் போட்டோவையும் காட்டி கேட்டப்ப, யார் நிறைய நாள் வந்தாங்களோ அவங்களத்தான் ரொம்ப பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க. ஒரு வார்த்தை பேசல, ஆனாலும். அப்ப நீங்க நேரத்த மாத்தினதுல உங்களுக்கு கிடைக்க வேண்டிய அந்த தினசரி பழக்கத்த நீங்களே நிறுத்திட்டீங்க, அவங்க மனசுல நீங்க இன்னும் "அன்னிக்கு ஒரு நாள் வந்த அந்த பொண்ணு"வாவே நிக்கிறீங்க. தினமும் வந்தா "நம்ம பார்க் பொண்ணு" ஆயிடுவீங்க.

ரெண்டாவது அந்த வாக்கியம் கட்டுற பிரச்சினை. உங்க மூளையில ஒண்ணும் கோளாறு இல்ல. பத்து மொழிகள்ல மக்கள் எப்படி மாத்தி மாத்தி பேசுறாங்கன்னு 2009-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல இருக்குற இடைவெளி சராசரியா ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு. அஞ்சுல ஒரு பங்கு! கண் சிமிட்டுற நேரம். எதிர்ல இருக்குறவங்க பேசிட்டு இருக்குறப்பவே நாம அடுத்தத மனசுல தயார் பண்ணிடுறோம், அதான் அவ்ளோ வேகமா பதில் வருது. சொந்த மொழியில அது தானா நடக்கும். இன்னொரு மொழியில, அதுவும் அஞ்சாறு பேர் வட்டமா நின்னு பேசுறப்ப, கேட்டு, புரிஞ்சு, யோசிச்சு, இலக்கணம் பாத்து வாயத் திறக்குறதுக்குள்ள பஸ் போயிடும். அதனால வட்டத்துக்குள்ள நுழையிறத இப்போதைக்கு விடுங்க, அது புதுசா வந்தவங்களுக்கு இருக்குறதுலயே கஷ்டமான வேலை, நீங்க நேரா அதுல போய் இறங்கினீங்க.

ஊஞ்சலுக்கு போங்க. நிஜமா சொல்றேன், பார்க்குல பேச்சு ஆரம்பிக்க ஊஞ்சல விட நல்ல இடம் கிடையாது. ரெண்டு அம்மாக்கள் பக்கத்துல பக்கத்துல நின்னு ரெண்டு குழந்தைய தள்ளிட்டு இருப்பீங்க, ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டே நிக்க வேண்டியதில்ல, ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தா கூட அது உறுத்தாது ஏன்னா கைக்கு வேலை இருக்கு, பேச்சு நின்னு போனா குழந்தை "இன்னும் வேகமா"ன்னு கத்தி காப்பாத்திடும். "உங்க பாப்பாவுக்கு என்ன வயசு"ன்னு கேட்டா பதில் வராத அம்மா உலகத்துல எங்கயும் இல்ல. பதில் வந்ததும் அதுல இருந்தே இன்னொண்ணு கேளுங்க, "அப்ப ராத்திரி முழுக்க தூங்குறாளா?"ன்னு. நம்ம பதில காதுல வாங்கி அதுல இருந்து அடுத்தத கேக்குறவங்கள மனுஷங்களுக்கு ரொம்ப பிடிக்கும்.

அப்புறம் அந்த ஒரு செகண்ட் அமைதி. உங்கள அழ வச்சது அதுதானே. அது பெரும்பாலும் காதோட வேலைமா. பழகாத உச்சரிப்ப முதல் தடவ கேக்குறப்ப காது கொஞ்சம் திணறும், ஆனா ரெண்டுல இருந்து நாலு வாக்கியம் கேட்டாலே அந்த திணறல் நல்லா குறைய ஆரம்பிச்சுடுது, ஒரு நிமிஷம் கூட ஆகாதுன்னு 2004-ல கிளார்க், காரெட் ரெண்டு பேரும் பண்ண சோதனையில தெரிஞ்சது. நீங்க சொன்னது ஒரே வாக்கியம். அவங்க காது உங்க குரலுக்கு பழகுறதுக்கு முன்னாடியே நீங்க பின்வாங்கிட்டீங்க. அதனால நான் இன்னிக்கு வரைக்கும் புது ஆள்கிட்ட பேசுறப்ப முதல் ரெண்டு வாக்கியத்துல முக்கியமான எதையும் வைக்க மாட்டேன். வணக்கம், இன்னிக்கு காத்து அதிகம்ல, குழந்தைங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்ல, இப்படி ஏதாவது. அது அவங்க காதுக்கு நான் குடுக்குற டைம். சொல்ல வேண்டியத மூணாவது வாக்கியத்துல சொல்லுவேன்.

சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க, கேலியா சிரிச்சாங்களா புரியாம சிரிச்சாங்களான்னு நீங்க எழுதல, உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. ஒண்ணு மட்டும் உறுதியா சொல்றேன். புதுசா சந்திச்ச ரெண்டு பேர் பேசி முடிச்சதும் தனித்தனியா கேட்டா, ரெண்டு பேருமே "எனக்கு அவங்கள பிடிச்சிருந்துச்சு, அவங்களுக்குத்தான் என்ன அவ்ளோ பிடிக்கல"ன்னு சொல்றாங்க. எரிக்கா பூத்பியும் அவங்களோட சேர்ந்தவங்களும் 2018-ல இத எழுதினாங்க, சோதனைக்கூடத்துல அஞ்சு நிமிஷம் பேசினவங்க மட்டுமில்ல, ஒரே ரூம்ல சேர்ந்து தங்கின காலேஜ் பசங்க கூட பல மாசத்துக்கு இப்படித்தான் நினைச்சுட்டு இருந்திருக்காங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த மொழிக்கு நல்லா பழகினவங்க. அவங்களுக்கே அப்படின்னா மொழியும் புதுசு இடமும் புதுசுன்னு இருக்குற உங்களுக்கு மனசு எவ்ளோ பெருசு பண்ணி காட்டும்னு யோசிங்க.

முதல் பார்வையில ஒருத்தர தப்பா எடை போடுறது அவங்க மட்டும் பண்றதில்ல, நானும் பண்ணியிருக்கேன். ரெண்டாவது நாட்டுல இருந்தப்ப எங்க வீட்டுக்கு கீழ் மாடியில ஒரு வயசான அம்மா. படிக்கட்டுல பாக்குறப்ப எல்லாம் காலை வணக்கம் சொல்லுவேன், பதிலே வராது, புருவத்த சுருக்கிட்டு போவாங்க. நாலு மாசம். வெளியில இருந்து வந்தவங்கள இவங்களுக்கு பிடிக்காதுன்னு முடிவே பண்ணிட்டேன், ஃபோன்ல அம்மாகிட்ட கூட அப்படித்தான் சொன்னேன். ஒரு நாள் எங்க வீட்டு தண்ணி பைப் ஒழுகி அவங்க வீட்டு கூரை நனைஞ்சிடுச்சு, பயந்துட்டே போய் கதவ தட்டினேன், திறந்தவங்க என் கைய பிடிச்சு இழுத்து அவங்களோட வலது பக்கம் நிக்க வச்சாங்க. இடது காது சுத்தமா கேக்காதாம். நான் படிக்கட்டுல ஏறுறப்ப எப்பவும் அவங்களுக்கு இடது பக்கமாத்தான் போவேன். புருவம் சுருங்குனது நான் என்ன சொல்றேன்னு கண்டுபிடிக்க. அந்த நாலு மாசத்த நினைச்சா எனக்கு இன்னிக்கும் மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா அதுக்கப்புறம் ஒரு வருஷம்தான் அந்த வீட்டுல இருந்தோம்.

உங்க முகத்தையும் கொஞ்சம் யோசிங்கமா, இத குறையா எடுத்துக்காதீங்க. ஒரு முகத்த ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம் காட்டினாலே மனுஷங்க இவங்க நம்பக்கூடியவங்களா நல்லவங்களான்னு ஒரு முடிவுக்கு வந்துடுறாங்கன்னு வில்லிஸ், டோடரோவ் ரெண்டு பேரும் 2006-ல காட்டினாங்க. கூட நேரம் குடுத்தா அந்த முடிவு பெருசா மாறல, அதுமேல இருக்குற நம்பிக்கைதான் ஏறுச்சு. அந்த முடிவு சரியா தப்பாங்கிறது வேற விஷயம், என் கீழ் மாடி அம்மா விஷயத்துல நான் எவ்ளோ தப்புன்னு பாத்தீங்கல்ல. பயந்த முகமும் கோவமான முகமும் தூரத்துல இருந்து பாத்தா ஒரே மாதிரிதான் தெரியும். பெஞ்சுல உக்காந்து ஃபோனையே பாத்துட்டு இருந்தா "இவங்களுக்கு பேச விருப்பமில்ல போல"ன்னு தோணும். ஃபோன பையில போட்டுடுங்க, அவங்க பையன் ஓடி வந்து உங்க பையன் மேல மோதினா சிரிங்க. அது போதும் முதல் வாரத்துக்கு.

எவ்ளோ நாள் ஆகும்னு கேப்பீங்க. ஜெஃப்ரி ஹால்னு ஒரு ஆராய்ச்சியாளர் புது ஊருக்கு குடி மாறி வந்தவங்கள வச்சே 2018-ல கணக்கு போட்டார், அறிமுகம்ங்கிறது ஓரளவு நட்பா மாற சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கு, நெருங்கின நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல. பார்க்குல தினம் அரை மணி நேரம்னா 50 மணி நேரத்துக்கு நூறு நாள். நூறு நாள்ல ஒரு நாள் சொதப்பினா என்னமா ஆகிடும்? மிச்சம் 99 நாள் இருக்குல்ல.

கேள்வி: நான் பதினாலு வருஷ அனுபவம் உள்ள இன்ஜினியர். இங்க மீட்டிங்ல நான் ஒண்ணு சொன்னா யாரும் கண்டுக்க மாட்டேங்குறாங்க, அதையே பத்து நிமிஷம் கழிச்சு இந்த ஊர்காரர் ஒருத்தர் சொன்னா எல்லாரும் தலையாட்டுறாங்க. என் உச்சரிப்புதான் காரணம்னு நினைக்கிறேன், இல்ல நானா கற்பனை பண்றேனா?

பதில்: கற்பனை இல்ல சார். இத யாராவது "நீங்கதான் ரொம்ப யோசிக்கிறீங்க"ன்னு சொன்னா நம்பாதீங்க. 2010-ல லெவ்-ஆரி, கெய்சர்னு ரெண்டு பேர், ஒட்டகத்த விட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணி இல்லாம இருக்கும்ங்கிற மாதிரி சாதாரண பொதுஅறிவு வாக்கியங்கள சொந்த மொழிக்காரங்களையும் வெளிநாட்டு உச்சரிப்பு உள்ளவங்களையும் சொல்ல வச்சு கேக்க வச்சாங்க. வெளிநாட்டு உச்சரிப்புல கேட்டப்ப அது உண்மைன்னு கேட்டவங்க கம்மியாத்தான் நம்புனாங்க. காதுக்கு சிரமமா இருக்குறத மனசு "சந்தேகமா இருக்கு"ன்னு மாத்தி எடுத்துக்குது. இது அநியாயம், இது உங்க திறமைக்கு போட்ட மார்க் கிடையாது.

சரி, அதுக்காக சும்மா இருக்க முடியாதே. மீட்டிங்குக்கு முன்னாடி அரை பக்கத்துல எழுதி அனுப்பிடுங்க, எழுத்துக்கு உச்சரிப்பு இல்ல. மீட்டிங் ஆரம்பிக்கிறப்பவே சின்னதா ரெண்டு வார்த்தை பேசிடுங்க, மேல அந்த அம்மாவுக்கு சொன்னேன்ல, அதே காரணம், காது பழகணும். உங்க யோசனைய இன்னொருத்தர் சொல்றப்ப "ஆமா, நான் சொன்னதத்தான் இவர் இன்னும் தெளிவா சொல்லியிருக்கார், அதுல அடுத்து இது இருக்கு"ன்னு சொல்லி பேச்ச உங்க கைக்கு திருப்பி எடுங்க. கோவமில்லாம, ஆனா ஒவ்வொரு தடவையும். ஒரு தடவ கூட விடாதீங்க.

கேள்வி: அக்கா, நான் இங்க மாஸ்டர்ஸ் படிக்கிற பொண்ணு. சூப்பர் மார்க்கெட்ல ஒரு தம்பதி அவங்களா வந்து பேசினாங்க, பாக்க நம்ம ஆளுங்க மாதிரி, ரொம்ப அன்பா பேசினாங்க, நம்பர் வாங்கிட்டு போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு "உன்ன மாதிரி புத்திசாலி பொண்ணுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு, நேர்ல சொல்றோம்"னு கூப்பிடுறாங்க. போகலாமா? போகலைன்னா தப்பா நினைப்பாங்களோ?

பதில்: போகாத கண்ணு. வெளிநாட்டுல ரொம்ப வருஷமா இருக்குற யார கேட்டாலும் இந்த கதைய சொல்லுவாங்க. கடையில, பஸ் ஸ்டாப்ல, நூலகத்துல தானா வந்து "உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே"ன்னு ஆரம்பிப்பாங்க, பத்து நிமிஷத்துல நம்பர் கேப்பாங்க, ரெண்டு நாள்ல "வாய்ப்பு", "பிசினஸ்", "எங்க மென்டர்" இதுல ஏதாவது ஒரு வார்த்தை வரும், என்ன பிசினஸ்னு கேட்டா மட்டும் ஃபோன்ல சொல்ல மாட்டாங்க. ஆள் சேர்த்து விட்டா காசு வர்ற சங்கிலி வியாபாரம்தான் பெரும்பாலும். எனக்கு இதுல வருத்தம் என்னன்னா காசு போறது மட்டுமில்ல, தனியா இருக்குற புள்ளைங்க ஒரு அன்பான வார்த்தைக்கு ஏங்கிட்டு இருக்குற நேரம் பாத்து வர்றாங்க, ஒரு தடவ இப்படி ஏமாந்தவங்க அதுக்கப்புறம் நிஜமாவே நல்ல மனசோட பேச வர்றவங்களையும் சந்தேகமா பாக்க ஆரம்பிச்சுடுறாங்க.

வித்தியாசத்த எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, சும்மா பேச வர்றவங்களுக்கு உன்கிட்ட இருந்து அன்னிக்கே எதுவும் வேணாம். அவங்க இடத்த பத்தி பேசுவாங்க, அங்க இருக்குற பொருள பத்தி பேசுவாங்க, முடிஞ்சதும் போயிடுவாங்க. உன்ன பத்தியே கேட்டு, உன்னையே புகழ்ந்து, அன்னிக்கே நம்பர் வாங்குறவங்ககிட்ட நிதானமா இரு. தனியா தங்கியிருக்கியா, எந்த பில்டிங், எத்தன மணிக்கு வருவன்னு யார் கேட்டாலும், அவங்க எவ்ளோ பாசமா கேட்டாலும், "ஃபிரெண்ட்ஸோட இருக்கேன்"னு சொல்லிட்டு பேச்ச மாத்திடு. தப்பா நினைப்பாங்களோன்னு கேட்டிருக்க. நினைச்சுட்டு போகட்டும். "எனக்கு விருப்பமில்ல, நன்றி"ன்னு ஒரு மெசேஜ் போட்டா போதும், காரணம் சொல்லாத, காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் வச்சிருப்பாங்க.

கேள்வி: பேச ஆரம்பிக்கிறது கூட வந்துடுச்சு, முடிக்கத்தான் தெரியல. எப்ப கிளம்புறதுன்னு புரியாம நின்னுட்டே இருக்கேன்.

பதில்: யாருக்குமே தெரியல. 2021-ல வந்த ஒரு ஆராய்ச்சியில, ரெண்டு பேருக்கும் எப்ப முடியணும்னு தோணுச்சோ அப்பவே முடிஞ்ச பேச்சு நூத்துல ரெண்டுதான். கிளம்பணும்னு தோணுனா அவங்க சொன்னதுல ஒண்ண திருப்பி சொல்லிட்டு கிளம்புங்க, "உங்க பொண்ணு பரீட்சை நல்லபடியா முடியட்டும், நான் வர்றேன்". கேட்டுட்டுதான் இருந்தோம்னு அவங்களுக்கு தெரியும், அதுக்கு மேல ஒரு சாக்கும் தேவையில்ல.

கேள்வி: வெளிநாட்டுல நம்ம மொழி பேசுறவங்கள ரயில்ல பாத்தா எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும், ஆனா அவங்க உடனே முகத்த திருப்பிக்கிறாங்க. வெள்ளக்காரன்கிட்ட சிரிக்கிறவங்க நம்மள பாத்தா ஏன் சிரிக்க மாட்டேங்குறாங்க?

பதில்: எனக்கும் இது ரொம்ப நாள் வலிச்ச விஷயம். அப்புறம் அப்படி முகத்த திருப்புற ஒரு பொண்ணு எனக்கு தோழி ஆனா, அவகிட்டயே கேட்டேன். "அடுத்து வர்ற கேள்விக்கு பயம்"னா. என்ன விசா, என்ன சம்பளம், வீடு சொந்தமா வாடகையா, இன்னும் குழந்தை இல்லையா, ஊர்ல எந்த பக்கம். அவ அப்ப வேலை போய் விசா முடிய ரெண்டு மாசம் இருக்குற நிலைமையில இருந்தா, புது ஆள்கிட்ட பொய் சொல்லவும் மனசில்ல உண்மைய சொல்லவும் தெம்பில்ல. மத்த நாட்டுக்காரங்ககிட்ட அவளுக்கு அந்த பயம் வரல, ஏன்னா அவங்க கேக்குறது பெரும்பாலும் இந்த ரயில் லேட்டாங்கிறதோட முடிஞ்சிடும்.

அதுக்கப்புறம் நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன், நம்ம ஆள பாத்தா முதல் தடவ எந்த கேள்வியும் கேக்க மாட்டேன். தமிழ் காதுல விழுந்தது சந்தோஷமா இருக்குன்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு என் புத்தகத்துக்கு திரும்பிடுவேன். பாதி பேர் சிரிச்சிட்டு விட்டுடுவாங்க. மிச்ச பேர் அவங்களாவே ரெண்டு ஸ்டேஷன் தாண்டி பேச ஆரம்பிப்பாங்க, அப்படி ஆரம்பிச்ச பேச்சு எல்லாமே நல்லா இருந்திருக்கு.

கேள்வி: அம்மா, எனக்கு 67 வயசு. மனைவி காலமானதுக்கு அப்புறம் மகன் என்னை ஆறு மாசத்துக்கு இங்கே அழைத்து வந்திருக்கிறான். பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கிறேன். காலையில் நடக்கப் போகும்போது தினமும் நாயோடு ஒரு பெரியவர் எதிரே வருகிறார், என் வயதுதான் இருக்கும். எனக்கு அவர் மொழியில் நாலு வார்த்தை கூடத் தெரியாது. பேச ஆசையாக இருக்கிறது. இந்த வயதில் மொழி கற்க முடியுமா?

பதில்: ஐயா, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். மொழி முழுசா கத்துக்க ஆறு மாசம் பத்தாது, ஆனா உங்களுக்கு தேவையானது முழு மொழி இல்லீங்களே. நாலு வார்த்தை போதும், அத மகன்கிட்ட கேட்டு தமிழ் எழுத்துலயே ஒரு சீட்டுல எழுதி சட்டைப் பையில வச்சுக்கோங்க. காலை வணக்கம், நல்ல நாய், என்ன பேரு, நாளைக்கு பாக்கலாம். முதல் வாரம் கைய தூக்கி தலையாட்டுங்க, வணக்கம் மட்டும் சொல்லுங்க. எல்லா நாளும் அதே நேரம் அதே பாதை, மழை பெஞ்சா மட்டும் விட்டுடுங்க. ரெண்டாவது வாரம் நாயோட பேர கேளுங்க. நாய தொடணும்னா முதல்ல கைய காட்டி அவர்கிட்ட சைகையில கேட்டுட்டு தொடுங்க, எல்லா நாயும் எல்லா ஆளும் ஒரே மாதிரி இல்ல. மறுநாள் அந்த நாய பேர் சொல்லி கூப்பிடுங்க ஐயா. அந்த பெரியவர் அங்கேயே நின்னுடுவார் பாருங்க. அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் உங்களுக்கு புரியாது, நீங்க தமிழ்ல பதில் சொல்லுங்க, பரவால்ல, குரல்ல நிறைய புரியும். கிளம்புறப்ப அந்த நாலாவது வார்த்தைய சொல்லிட்டு வாங்க. ஊருக்கு திரும்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மகனையும் நடக்க கூட்டிட்டு போங்க, நீங்க எந்த தேதியில கிளம்புறீங்கன்னு அவர்கிட்ட மகன விட்டு சொல்லச் சொல்லுங்க, இல்லைன்னா அவர் அந்த பாதையில உங்கள தேடிட்டு இருப்பார்.